பெயர் கழுவிய தண்ணீர்

இந்த அத்தியாயத்தை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை காலமும் இருந்தேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். ஒரு தரம் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாளே போன் எடுத்துப் போடவேண்டாம் என்று கெஞ்சினேன். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், கடற்றொழில் செய்த வீட்டுப் பிள்ளை. இப்படியான காரியத்தை எந்தச் சொல்லில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. ஒரு செபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் இன்றைக்குப் பேனையை எடுத்தேன்.

சிட்னிக்கு வந்த புதிதில் நடந்தவற்றைச் சில கிழமைகளாக எழுதிவந்தேன். அது நிற்கட்டும். போன மாதம் நடந்த ஒன்று என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

பைப்படியில்

சில வருடத்துக்கு முன், ஒரு குளிர்காலத்துப் பின்னேரம், நாலு மணி. வெயில் இருந்தது, சூடு இல்லை. செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக் கராஜுக்குப் பக்கத்துப் பைப்படியில் என் கூட்டாளி பாபிக்கர் குந்தியிருந்து ஒரு மரப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அது அவர் தினமும் செய்கிற வேலை. ஆனால் அன்றைக்கு நெடுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

"சூசை, இஞ்ச வாரும். உம்மட தண்ணியில ஏதும் கலந்திருக்கோ?" என்றார்.

"ஏன் காணும்? கவுன்சில் தண்ணிதானே."

"மை போகுதில்லை."

பலகையைத் திருப்பிக் காட்டினார். ஏழு பெயர் எழுதியிருந்த பலகை. ஆறு பெயர் கரைந்து போய்விட்டது. நடுவில் ஒன்று மட்டும், இப்போதுதான் எழுதியதுபோல், கறுப்பாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது.

நானும் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நன்றாக அழுத்தியே தேய்த்தேன். விரலைப் பார்த்தால் ஒரு துளி மை இல்லை.

"ஆரின்ர பெயர்?" என்று கேட்டேன்.

"ஹலீமா. என்ர தங்கச்சி."

 அந்த விரலை இன்றைக்கும் சில வேளை பார்த்துக்கொள்வேன்.

கராஜுக்கு வந்த மனிதர்

பாபிக்கர் சூடான் நாட்டில் பிறந்தவர். ஓவியர், அரபு எழுத்தை அழகாக எழுதுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. நானும் அவரும் செவன் ஹில்ஸில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கினோம். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே தரம், அதனால் சண்டை வந்ததில்லை. அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர் பெரிய ஓவியர் என்பது எனக்கு இரண்டு வருடம் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கிழிந்த காட்போட் பெட்டியில் மார்க்கர் பேனையால் ஒரு எழுத்து எழுதினார். ஒரே இழுப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

நைல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கார்ட்டூமில் ஓவியம் படித்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, அங்கே இருக்க முடியாமல் எகிப்துக்கு ஓடி, பிறகு இங்கே வந்தவர். மனைவி இங்கே வந்து சில வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டா. பிள்ளைகள் இல்லை. சின்ன பிளாட் ஒன்றில் தனியாக இருந்தார். பெரிய படம் கீற இடமில்லை. எங்கள் கராஜ் சும்மாதான் கிடந்தது.

"கார் வெளியில நிண்டா கரையாது. அந்த மனுசன் உள்ளுக்க இருக்கட்டும்" என்று சொன்னது என் மனைவி ரோசமலர்.

அவருக்கு ரோசமலர் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ், "சாப்பிட்டனீங்களோ?" என்பது. காலை, மாலை, பூசைக்குப் போகிற நேரம், எந்த நேரம் கண்டாலும் அதைத்தான் கேட்பார். எங்கள் சுவாமியார் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் கேட்டார். சுவாமியார் "இல்லை" என்று சொல்லிவிட, ரோசமலர் அவசரமாக இடியப்பம் அவிக்கவேண்டி வந்தது.

சட்டிக்கரியும் பிசினும்

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

அவருடைய ஊரில் சின்னப் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகுவது மரப்பலகையில். சட்டியின் அடியில் பிடிக்கிற கரியைச் சுரண்டி, கருவேல மரத்துப் பிசினோடு தண்ணீர் விட்டுக் குழைத்தால் மை. சோளத் தட்டையைச் சீவினால் பேனை. எழுதி, பாடமாக்கி, கழுவி, மறுநாள் புதிதாக எழுதுவார்கள். கழுவுகிற தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றமாட்டார்கள். வருத்தக்காரருக்கு மருந்தாகக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு.

இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. மன்னாரில் எங்கள் அயலில் இருந்த முஸ்லிம் வீடுகளிலும் பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிப்பார்கள்.

பாபிக்கரின் படங்களும் அப்படித்தான் உண்டாகின. பெரிய துணியில் எழுதுவார், கழுவுவார். அதன்மேல் எழுதுவார், திரும்பவும் கழுவுவார். மாதக்கணக்கில் இப்படியே. கடைசியில் துணி, வற்றுக்கடலில் சேறு தெரிகிற நிறத்துக்கு வந்துவிடும். அதற்குள் எழுத்துகள் தெரிவதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும்.

ஒரு முறை மெல்பேர்னில் கண்காட்சி. நான்தான் வான் வண்டியில் படங்களை ஏற்றிக்கொண்டு, ரோசமலரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டார்னெய்டில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"எழுதியிருந்தது. இப்ப தண்ணிக்குள்ள இருக்கு" என்றார் பாபிக்கர்.

ரோசமலர் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்றுவிட்டா. "இதுக்குப் பின்னால ஆரோ நிக்கினம்" என்று என் காதுக்குள் சொன்னா. படத்துக்குப் பின்னால் இருந்தது சுவர்தான்.

அவருடைய நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு, படத்தை விட்டுவிட்டு ஒரு சின்னப் பலகையை எடுத்தார். குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஏழு பேரின் பெயரையும் தினமும் காலையில் எழுதுவார். பின்னேரம் நாலு மணிக்குக் கழுவுவார். அங்கே அப்போது காலை எட்டு மணி. ஹலீமா அண்ணனுக்குப் போன் எடுக்கிற நேரம் அது. மற்ற ஆறு பேரும் எல்லை தாண்டிவிட்டார்கள். ஹலீமா மட்டும் தகப்பன் கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கார்ட்டூமுக்கு அக்கரையில் இருக்கிற ஓம்டுர்மானில் நின்றுவிட்டா. அந்தக் குளிர்காலத்தில் அவவுடைய போன் நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கழுவின தண்ணீரை ஒரு போத்தலில் சேர்த்து, கராஜ் தட்டில் வைப்பார். போத்தல் நிறைந்தால், அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் தேசிக்காய் மரத்தடியில் ஊற்றுவார்.

நான் எடுத்த போத்தல்

அதே தட்டில் எங்கள் போத்தல் ஒன்றும் இருந்தது. மடுமாதா கோயில் மண் கரைத்த தண்ணீர்.

மன்னார்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மடுக் கோயில் மண்ணைப் பாம்புக்கடிக்கும் வருத்தங்களுக்கும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது எங்கள் வழக்கம். இங்கே எயார்போட்டில் மண் கொண்டுவர விடமாட்டார்கள். எங்களிடம் இருந்தது எப்படி வந்தது என்று கேட்கவேண்டாம். ஒரு பவுடர் ரின்னில் இருந்ததை ரோசமலர் அவசரத்துக்கு உதவும் என்று கரைத்து வைத்திருந்தா.

பைப்படியில் அது நடந்ததற்கு முந்தின கிழமை அவவுக்குக் கடும் காய்ச்சல். டொக்டர் கொடுத்த குளிசைக்கும் அடங்கவில்லை. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, அந்த மடுத் தண்ணியை எடுத்து வாங்கோ" என்றா.

போனேன். தட்டில் இரண்டு போத்தல். இரண்டிலும் அடியில் கறுப்பாக மண்டி. ஒன்றை எடுத்துக் குலுக்கி, கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே சொல்லி, மூன்று வாய் குடித்தா.

"புகை மணக்குது" என்றா.

"காய்ச்சல் வாய்க்கு எல்லாம் அப்பிடித்தான்" என்றேன்.

பிழை அவவுடையது அல்ல. என்னுடையது. இதைப் பின்னால் ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதால் தெளிவாக எழுதுகிறேன்.

நீலக் கதவு

திங்கட்கிழமை பின்னேரம் ரோசமலர் குசினியில் கதிரை போட்டு இருந்தா. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். யன்னலால் நல்ல வெயில்.

"அந்தப் பொம்பிளைக்கும் ஒண்டு குடுங்கோவன்" என்றா.

"எந்தப் பொம்பிளை?"

"வாசல்ல இருக்கிறா."

முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. திரும்பி வந்தால், அவ வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நீல இரும்புக் கதவு. கீழ கறள் பிடிச்சு உக்கிப் பூனை போற அளவு ஓட்டை. பக்கத்தில இரும்புக் காலில ரெண்டு மண்பானை. ஒண்டு வெடிச்சு, கம்பியால கட்டிக் கிடக்கு. அவ பானையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. விரல் நுனியெல்லாம் கறுப்பு மருதோண்டி."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தா. வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே கதிரை. "பானையில தண்ணி இல்லை. அவ எழும்ப ஏலாமல் இருக்கிறா."

அன்றைக்குக் காய்ச்சல் திரும்ப ஏறியிருந்தது. மகள் ஜெனி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "டாட், ஷி இஸ் பேர்னிங் அப். இட்ஸ் த ஃபீவர்" என்றாள். மருந்தை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள்.

தகப்பன் வீட்டு நீலக் கதவைப் பற்றிப் பாபிக்கர் முன்பு எப்போதாவது எங்களிடம் சொல்லியிருந்தாரா? சொல்லவில்லை என்று ரோசமலர் மடுமாதா மேல் ஆணையிடுகிறா. எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை நினைவிருக்கிறது என்று எழுதமாட்டேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. அன்றைக்குத்தான் பைப்படியில் அந்தப் பெயர் போக மறுத்தது.

பாபிக்கர் எழும்பி, "பழைய தண்ணியால ஒருக்காக் கழுவிப் பாப்பம்" என்று கராஜ் தட்டில் இருந்த தன்னுடைய போத்தலை எடுத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது குறைஞ்சிருக்கே. ஆர் எடுத்தது?"

அவர் கையில் இருந்தது நான் சனிக்கிழமை குலுக்கின போத்தல். மூடியில் வெடிப்பு, எனக்கு நன்றாக ஞாபகம். எங்கள் போத்தல் தட்டில் தொடாமல் இருந்தது.

வீட்டுக்குள் ஓடினேன். ரோசமலர் குசினியில் எழுந்து நின்றுகொண்டிருந்தா.

"கதவு திறந்து கிடக்கு. அவ நிலத்தில கிடக்கிறா" என்றா.

சொல்லுவதா, விடுவதா

பாபிக்கர் அந்த வெள்ளிக்கிழமை பயணம் வெளிக்கிட இருந்தார். ரிக்கெற் எடுத்தாயிற்று. எகிப்துக்குப் போய், அங்கிருந்து தரைவழியாகச் சண்டைக்குள் நுழைந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருவது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். கிடங்கில் எல்லாரும் வேண்டாம் என்றோம். "அவளுக்கு வேற ஆர் இருக்கு?" என்று ஒரே பதில்தான் சொன்னார்.

அன்று இரவு முழுக்க நானும் ரோசமலரும் அடக்கின குரலில் சண்டை பிடித்தோம்.

"சொல்லாதேங்கோ. நான் காய்ச்சல்காரி. நான் கண்டதை வைச்சு ஒரு மனுசனிட்ட, உன்ர சகோதரி முடிஞ்சிட்டா எண்டு சொல்லலாமோ?"

"சொல்லாமல் விட்டு, ஆள் இல்லாத வீட்டைத் தேடிப் போய் அவரும் செத்தா?"

"அவ உயிரோட இருந்தா? அண்ணன் வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தா?"

 

வியாழக்கிழமை பின்னேரம் கராஜுக்குப் போனேன். அவர் கவிழ்த்த பெயின்ற் வாளியில் குந்தியிருந்து பயணப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் போத்தலை மாற்றி எடுத்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"எங்கட குடும்பத்தையே குடிச்சிட்டாவோ? அப்ப இனி ரோசமலர் எனக்குச் சொந்தக்காரி."

பிறகு மிச்சத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நான் சொல்லி முடிக்கும்வரை பையின் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். கடைசியில் எழுந்து, குசினி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வெடிச்ச பானை எந்தப் பக்கம்?" என்று ரோசமலரைக் கேட்டார்.

"கதவுப் பக்கம்."

ஓம் என்று தலையை ஆட்டினார்.  பிறகு கேட்டார்: "அவளின்ர உடம்பு மூடாமல் கிடந்ததோ? ஆரும் மூடினவையோ?"

இதை நான் ரோசமலரிடம் கேட்டிருக்கவில்லை.

"மூடினவை," என்றா. "ஒரு பொம்பிளை பாய் கொண்டு வந்து மூடினா. முகம் தெரியேல்லை. கால் மட்டும் வெளியில தெரிஞ்சது."

பாபிக்கர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் எயார்போட்டுக்குப் போகவில்லை.

எங்கள் கராஜில் மூன்று நாள் துக்கம் இருந்தார்கள். பிளக்டவுனில் இருந்தும் வேறு இடங்களில் இருந்தும் சூடான்காரர்கள் மடிக்கிற கதிரைகளோடு வந்தார்கள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தலைப்பாகை. உள்ளங்கைகளை விரித்து ஓதினார்கள். ரோசமலர் ஓயாமல் தேத்தண்ணி ஊற்றினா. வந்தவர்கள் எல்லாரும் எங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒருவராவது, "செய்தி யார் மூலம் வந்தது?" என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

போன மாதம்

அதற்குப் பிறகு அவர் கீறிய படங்கள்தான் மெல்பேர்னிலும் சிட்னியிலும் பேசப்பட்டன. அவற்றில் எல்லாம் கழுவப்பட்ட எழுத்துகளுக்கு நடுவில், எங்கோ ஓரிடத்தில், ஒரு சொல் கழுவாமல் கறுப்பாக நிற்கும். அது ஒரு புதிய பாணி என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

அந்தப் பலகை எங்கள் கராஜ் சுவரில்தான் தொங்கியது. அதைத் தண்ணீர் படாமல், ஒருவரும் தொடாமல் வைத்திருந்தார். வேறு பலகை எடுத்து ஆறு பெயர் மட்டும் எழுதிவந்தார்.

ஹலீமா இறந்ததாக இதுவரைக்கும் எந்தக் கடிதமும் வரவில்லை. கண்டவர்கள் இல்லை. புதைத்தவர்கள் இல்லை. அந்தத் தெருவில் இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். எங்களிடம் இருப்பது ரோசமலர் கண்டது மட்டும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கராஜைத் திறந்தேன். பலகை வெறுமையாக இருந்தது. வெளிறின மரம். எழுத்தின் நிழல்கூட இல்லை. பலகை காய்ந்திருந்தது. கீழே நிலமும் காய்ந்திருந்தது. கராஜ் பூட்டுத் திறப்பு என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. அவர் அந்தக் கிழமை முழுக்க மெல்பேர்னில்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். பலகையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் சாந்தி அடைந்துவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் வேறு மாதிரி நினைத்தேன். உயிரோடு இருந்த மற்ற ஆறு பேரின் பெயரும் அந்தப் புதன்கிழமை கழுவப்பட்டுப் போனதே! அப்படியானால் ஹலீமாவும் உயிரோடு இருக்கிறாவோ?

"சூசை, நான் போயிருக்க வேணுமோ?" என்று கேட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். "நீர் அறிந்ததைச் சொன்னீர். மிச்சம் ஆண்டவருடையது" என்றார். சரிதான். ஆனாலும் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

உங்களிடம் கேட்பது

இந்தக் கதை ஏற்கெனவே வாய்வழியாகப் பரவியிருக்கிறது. மடுமாதா அற்புதப் புதுமை செய்தா என்று சிலர் சொல்கிறார்கள். சூனியம் என்று சிலர். ஒருவர் சொன்னதில் கதவு பச்சையாகிவிட்டது. இன்னொருவர் சொன்னதில் ஹலீமா கிழவியாகிவிட்டா. நான் போத்தலை மாற்றி எடுத்ததை மட்டும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களின் பிள்ளைகள் கட்டாரில், ஜெத்தாவில், கெய்ரோவில் வேலை செய்கிறார்கள். அங்கெல்லாம் சூடான்காரர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஓம்டுர்மான். நீல இரும்புக் கதவு. இரும்புக் காலில் இரண்டு பானை, கதவுப் பக்கத்துப் பானை கம்பியால் கட்டியது. ஒன்றை மாற்றினாலும் அறிந்தவர்களுக்கு அடையாளம் பிடிபடாது.

பாய் கொண்டு வந்து மூடிய பெண் கிடைத்தால், அவ எந்த மதமானாலும், எங்கள் வீட்டில் தினமும் அவவுக்காக ஒரு செபமாலை சொல்கிறோம் என்று சொல்லுங்கள்.

ஹலீமாவே கிடைத்தால், அண்ணன் ரிக்கெற் எடுத்து, பை கட்டி வைத்திருந்தார் என்று சொல்லுங்கள். அவரை மறித்தது சூசையும் ரோசமலரும் என்று எங்கள் பெயரைச் சொல்லுங்கள்.